அண்ணனின் குரலும் லோரி ஸ்பீக்கரும்

1

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிளினிக்கில் மருந்துப் பொட்டலங்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அண்ணியின் குரல் செய்தி வந்தது. ஊர் என்றால் எனக்குத் தூத்துக்குடி. கல்யாணமாகி வந்து குடியிருப்பது மலேசியாவில், கோல சிலாங்கூரில். ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஓர் ஊர். சுற்றிலும் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டங்கள், வடக்கே போகப் போக வயல்வெளி. என் கணவர் குமரன் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறார். மகள் நித்யா படிவம் ஐந்து, நம் ஊர்க் கணக்கில் பதினோராம் வகுப்பு, படிக்கிறாள். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு எங்கள் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

அண்ணி வழக்கமாக வெயில், தண்ணீர், மீன் விலை என்று சாவகாசமாகப் பேசுவாள். அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டு மூச்சுவிடாமல் பேசியிருந்தாள்.

"கோமதி, நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லிராத. சிற்றலையில சாயங்காலம் தமிழ் போடுவாங்கல்லா, அந்த வெளிநாட்டு ரேடியோ, வார சனிக்கிழம அதுல நேயர் நேரத்துல உங்க அண்ணன் பேசுதாரு. போன்ல கூப்பிட்டுப் பதிவு பண்ணிட்டாங்க. உன்னப் பத்தி என்னமோ சொல்லிருக்காரு. என்னன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்காரு. ரூம் கதவச் சாத்திக்கிட்டுல்லா பேசினாரு! சனிக்கிழம நான் கல்யாணத்துக்கு எங்க அம்மா ஊருக்குப் போயிருவேன். நீ கேட்டுக்கோ. விட்டுராத."

இரண்டாம் தடவை போட்டுக் கேட்டேன். மூன்றாம் தடவையும் கேட்டேன். இருமல் மருந்துக்காக நின்றிருந்த சீனத் தாத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓகே கா?" என்றார். ஓகேதான் என்று தலையாட்டினேன்.

என் அண்ணன் மாரிமுத்து என்னிடம் பேசி வருடக்கணக்காகிறது. என்னிடம் பேசாதவன், என்னைப் பற்றி உலகத்துக்கே பேசப் போகிறானாம்.

2

நானும் அண்ணனும் சிற்றலை கேட்டு வளர்ந்தவர்கள். மொட்டைமாடியில் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டியதும், எந்த நாட்டு வானொலி எங்கே கேட்கிறது என்று முள்ளைத் திருப்பித் திருப்பித் தேடியதும் அவன்தான். கேட்டதை எழுதி அந்தந்த நிலையங்களுக்கு அனுப்புவது என் வேலை, என் கையெழுத்து அவனுடையதைவிட நன்றாக இருக்கும். பதிலுக்கு அவர்கள் அழகான படங்கள் போட்ட அட்டைகள் அனுப்புவார்கள். எங்கள் தெருவில் வேறு யாருக்கும் வெளிநாட்டிலிருந்து தபால் வந்ததில்லை. அந்தப் பெருமையிலேயே திரிந்தோம். கல்யாணமாகி விமானம் ஏறுகிற அன்று என் பெட்டியில் கையளவு ரேடியோ ஒன்றை வைத்தவனும் அவன்தான். "அங்க போயி எதெது எடுக்குதுன்னு எழுதுட்டி," என்றான். எழுதினேன். பிறகு போனில் சொன்னேன். இங்கே நன்றாக எடுக்கும் நிலையம் அங்கே எடுக்காது, அங்கே எடுப்பது இங்கே எடுக்காது. இதையே மணிக்கணக்கில் பேச எங்களால் முடிந்தது.

அப்பா இறந்தபோது என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. காலாவதியாகப் போகிறதென்று புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். நோன்புப் பெருநாள் விடுமுறை வேறு. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டுப் பார்த்தேன், குமரன் லோரியை நிறுத்திவிட்டு ஓடி ஓடி விசாரித்தார். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணனிடம் சொன்னேன். அந்தப் பக்கம் சங்குச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "பாஸ்போர்ட்டாம்! ஒரு பொஸ்தகம் இல்லன்னா பெத்தவன் மூஞ்சியப் பாக்க முடியாதோ? இனி நீ வராத," என்று வைத்துவிட்டான். அடுத்த வருடம் திதிக்குப் போனேன். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அண்ணிதான் சோறு போட்டாள். அதற்குப் பிறகு என் நம்பரைப் பார்த்தால் எடுப்பதில்லை.

அவனிடம் எப்படிச் சொல்லி விளங்கவைப்பது? ஊரில் ஒரு மனுசி தன் பெயரைச் சொன்னால் அது அவள்தான். வெளிநாட்டில் அவள் யார் என்று அந்தச் சின்னப் புத்தகம் சொல்ல வேண்டும். வந்த புதிதில் விசா விஷயமாக எத்தனை கவுண்டர்களுக்கு முன்னால் நின்றிருக்கிறேன்! மலாயும் அப்போது சரியாக வராது. "வந்து பதிவு செய்துகொள்கிறேன்" என்பதற்கு "லாப்போர்" என்று சொல்ல வேண்டும். நான் கம்பீரமாக, "சாயா டாத்தாங் லாப்பார்," என்றேன். பசியோடு வந்திருக்கிறேன் என்று அர்த்தம். கவுண்டரில் இருந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழ்மாடியில் கேண்டீன் இருப்பதைக் கைகாட்டினார். குமரன் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினார். இப்போது எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது.

3

அன்று சாயங்காலமே அந்த அலைவரிசையைப் பிடித்துப் பார்த்தேன். எங்களுக்கு ஏழரை மணி, ஊரில் ஐந்து. ஜன்னலிலிருந்து பின்னால் உள்ள ரம்புத்தான் மரத்துக்குக் கம்பி கட்டியிருக்கிறேன். நிலையம் வந்தது. ஆனால் குரல்? ரேடியோவின் ஸ்பீக்கர் ஒரு பிஸ்கட் அகலம்தான் இருக்கும். அறிவிப்பாளர் தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட ஈயைப் போலப் பேசினார். பத்து வார்த்தையில் நாலு புரிந்தது. மீதியை இரைச்சல் தின்றுவிட்டது.

இவ்வளவு நாளும் அது எனக்குப் போதுமாக இருந்தது. எந்த நிலையம், என்ன பாட்டு என்று தெரிந்தால் சந்தோஷப்பட்டுக்கொள்வேன். சனிக்கிழமை அப்படி இருக்க முடியாது. ஒரு வார்த்தைகூடத் தவறக் கூடாது. நேயர் நேரத்தை அவர்கள் இணையத்திலும் போடுவதில்லை. காதில் இயர்போன் மாட்டிக் கேட்கலாம்தான். மாட்டினால் அந்த இரைச்சல் காதுக்குள் ஊசியாகக் குத்துகிறது. தவிர, என் அண்ணன் குரலை நான் மட்டும் கேட்டு என்ன செய்ய? நித்யாவுக்குத் தன் மாமாவை ஆல்பத்தில்தான் தெரியும்.

"ஷார்ட்வேவ் ரேடியோவுக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் வெளியிலிருந்து மாட்டணும்," என்று சாப்பாட்டு மேசையில் அண்ணன் பேசப்போவதைச் சொல்லி அறிவித்தேன்.

நித்யா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஷார்ட்வேவ்ன்னா என்னாம்மா? வைஃபை மாதிரியா?"

எங்கள் வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், நடுநடுவே மலாய் வரும். சிறுவயதில் அவள் தூத்துக்குடித் தமிழே பேசினாள். பள்ளிக்கூடம் மாறி, தோழிகள் மாறி, கதவைச் சாத்திக்கொள்ளும் வயது வந்தபின் எங்களுக்குள் பேச்சு, "சாப்டியா", "ம்" என்று சுருங்கிவிட்டது. அதனால் அவள் கேள்வி கேட்டதே எனக்கு ஆச்சரியம். வைஃபை எட்டாத தூரத்துக்கெல்லாம் இது போகும், வானத்தில் பட்டுத் திரும்பி வரும் என்றேன். "கூல்," என்றாள். எழுந்துபோய்த் தன் புளூடூத் ஸ்பீக்கரையும் ஒரு ஒயரையும் எடுத்துவந்தாள்.

ரேடியோவில் இயர்போன் மாட்டும் ஓட்டையில் ஒயரைச் செருகினோம். சத்தம் பெரிதாகத்தான் வந்தது. ஆனால் அறிவிப்பாளர் அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவது போல இருந்தது. 'க'வும் 'ட'வும் ஒன்றாகிவிட்டன. பாட்டுக்குத் தொம் தொம்மென்று அடிக்கச் செய்த பெட்டி அது, பேச்சு அதற்கு ஒத்துவரவில்லை.

புதன்கிழமை கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்கள். குரல் பரவாயில்லை, ஆனால் அதன் அடாப்டரைச் சுவரில் மாட்டிய நொடியில் 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம் ரேடியோவுக்குள் புகுந்து நிலையத்தையே விழுங்கிவிட்டது. பிளக்கைப் பிடுங்கினால் சத்தம் போனது, ஸ்பீக்கரும் ஊமையானது.

வியாழக்கிழமை குமரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டிலேயே விலை உயர்ந்த சாமான் அவருடைய கராவோக்கே செட். ஆள் உயரத்துக்கு இரண்டு பெட்டிகள். மகளின் பிறந்தநாளுக்கு வாங்கி அவரே பாடிக்கொண்டிருப்பது. "இதுல போடு லா. இதுல கேக்கலன்னா எதுல கேக்கப் போவுது?" என்றார். போட்டோம். தகரக் கூரையில் பேய்மழை கொட்டுவது போல் இரைச்சல் வீடெங்கும் பரவியது. பக்கத்து வீட்டுப் பூனை சுவரேறிக் குதித்து ஓடியது.

"அலாமாக்!" என்று அணைத்தார். "நல்ல ஸ்பீக்கர் லா இது!"

"நல்ல ஸ்பீக்கர், அதான் பிராப்ளம்," என்றாள் நித்யா. "அது எல்லாத்தையும் கேக்க வைக்கிது. நாய்ஸையும் சேர்த்து. நமக்கு மாமா வாய்ஸ் மட்டும் போதும்பா. மேல உள்ள ஸ்ஸ்ஸ் வேணாம், கீழ உள்ள தொம் தொம் வேணாம். நடுவுல உள்ளது மட்டும்."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தொடர்ந்து பேசிய மிக நீளமான தமிழ், பல மாதங்களில், அதுதான். 'மாமா' என்றும் சொல்லிவிட்டாள்.

4

வெள்ளிக்கிழமை காலை பசியாறிக்கொண்டிருந்தபோது எனக்கு யோசனை தட்டியது.

பள்ளி விடுமுறை நாட்களில் சில தடவை குமரனோடு அவருடைய பழைய லோரியில் வடக்கே சபாக் ஊர் வரை போயிருக்கிறேன். எஞ்சின் உறுமும், ஜன்னல் கடகடக்கும், பின்னால் குலைகள் ஆடும். அத்தனைக்கும் நடுவே டேஷ்போர்டில் இருந்த பழைய ஸ்பீக்கரில் செய்தி வாசிக்கிறவர் சொல்வது ஒவ்வொரு சொல்லாகப் புரியும். பாட்டு அதில் கேட்கச் சகிக்காது. பேச்சு மட்டும் கல்லில் வெட்டின மாதிரி நிற்கும்.

"அந்தப் பழைய லோரியோட ஸ்பீக்கர் எங்க?" என்றேன்.

குமரன் வாயில் ரொட்டிச் சானாயோடு நிமிர்ந்தார். "ஸ்டோர்ல கெடக்கு. எதுக்கு... ஹா!" என்றார். பாதித் தட்டோடு எழுந்து போய்விட்டார்.

முட்டை வடிவத்தில் ஒரு ஸ்பீக்கர். முன்பக்கம் கறுப்புக் காகிதக் கூம்பு, ஓரத்தில் செம்பனை எண்ணெய்க் கறை. தூசியைத் துடைத்தபோது எனக்கு அப்படி ஒரு பரபரப்பு, மாடியில் கம்பி கட்டிய நாட்களில் இருந்த அதே பரபரப்பு. வெறுமனே மேசையில் வைத்து மாட்டினால் குரல் மெலிந்து கேட்டது. ஸ்பீக்கருக்கு ஒரு பெட்டி வேண்டும். பெரிய பிஸ்கட் டின்னில் வைத்தோம், டின்னும் சேர்ந்து அதிர்ந்தது. என் துணி அலமாரியின் மர இழுப்பறையைக் காலி செய்தேன். குமரன் அதற்கு ஒரு பலகையை மூடியாக அறுத்து, நடுவே ஓட்டை போட்டு ஸ்பீக்கரை முடுக்கினார். உள்ளே ஒரு தலையணையைப் பிரித்துப் பஞ்சை அடைத்தேன். குரல் உள்ளுக்குள் முட்டி மோதாமல் இருப்பதற்கு அது. முன்னால் என் பழைய மெல்லிய துப்பட்டாவை இழுத்துக் கட்டினேன்.

ரேடியோவுக்கு அவ்வளவு பெரிய ஸ்பீக்கரைத் தள்ளும் சக்தி இல்லை. சத்தத்தைக் கூட்டினால் குரல் கிழிந்தது. நித்யா தன் அறைக்குப் போய், பள்ளி அறிவியல் கண்காட்சிக்குச் செய்த சின்ன ஆம்ப்ளிஃபயரை எடுத்துவந்தாள். தீப்பெட்டி அளவுதான். பேட்டரியில் ஓடுவது, சுவர் அடாப்டர் வேண்டாம். ரேடியோவின் பக்கவாட்டில் பாட்டு, செய்தி என்று ஒரு சுவிட்ச் உண்டு. இத்தனை வருடமாக நான் அதைத் தொட்டதே இல்லை. செய்திப் பக்கம் தள்ளினேன்.

ஏழரை மணி.

"வணக்கம். இது தமிழ் ஒலிபரப்பு," என்றது ஒரு பெண் குரல்.

யாரோ எங்கள் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னது போல இருந்தது. இரைச்சல் இருந்தது, ஆனால் தூரத்து மழையாகப் பின்னால் ஒதுங்கிவிட்டது. அறிவிப்பாளர் தமிழைப் படித்துக் கற்ற வெளிநாட்டுப் பெண். அவர் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. பல வருடமாக அவர் நிகழ்ச்சியைக் கேட்கிறேன், 'ழ'வை அவர் அவ்வளவு அக்கறையாகச் சொல்வார் என்று அன்றுதான் தெரிந்தது.

குமரன் கைதட்டினார். நித்யா, "ஓ மை காட், இட்ஸ் ஸோ கிளியர்!" என்று குதித்தாள். நான் துப்பட்டாவைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், ஏதோ குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போல.

5

சனிக்கிழமை கடல் பக்கம் மேகம் திரண்டுவிட்டது. மின்னல் வெட்டினால் சிற்றலையில் சடசடவென்று வெடிக்கும். ஏழு மணிக்கே ரேடியோவைப் போட்டுவிட்டேன். அதற்குள் புதிதாக ஒரு கரகரப்பு. வெள்ளிக்கிழமை இல்லாதது. வீட்டில் எது எரிந்தாலும் சந்தேகமாக இருந்தது. ஃபேனை அணைத்தேன். ஃபிரிட்ஜை அணைத்தேன். கரகரப்பு போகவில்லை.

"மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிடுறேன்," என்றார் குமரன்.

நித்யாவைப் பார்த்தோம். வைஃபையும் போய்விடும். ஒரு நொடி யோசித்தாள். "ஒன் அவர்தானே. போலே லா," என்று ஒத்துக்கொண்டாள்.

வீடு இருண்டது. டார்ச்சை நிற்க வைத்தோம். கரகரப்பு பாதி குறைந்தது, மீதி பாதி இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். பக்கத்து வீட்டு வாசலில் பச்சையும் மஞ்சளுமாக அலங்கார விளக்குச் சரம் மின்னிக்கொண்டிருந்தது. விளக்கு மின்னும்போதெல்லாம் என் ஸ்பீக்கரிலும் கரகரத்தது!

அதற்குள் அந்த வீட்டு மலாய்க்கார அக்கா காக் ரோஸ் எங்கள் வீடு இருண்டதைப் பார்த்து, கையில் மெழுகுவர்த்தியோடு கேட்டுக்கு வந்துவிட்டார். கரண்ட் இல்லையா என்று விசாரித்தார். எனக்கு இருந்த அவசரத்தில் வாயில் வந்த மலாயைக் கொட்டினேன். "அபாங் சாயா டி டாலாம் ரேடியோ!" என் அண்ணன் ரேடியோவுக்குள் இருக்கிறான்.

காக் ரோஸ் என்னைப் பார்த்தார். என் பின்னால் நின்ற குமரனைப் பார்த்தார். மலாயில் அபாங் என்றால் அண்ணன், மனைவிமார் கணவனைக் கூப்பிடுவதும் அபாங் என்றுதான். இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று அவர் முகம் சுருங்கியது. நித்யா வந்து ஒழுங்கான மலாயில் முழுக் கதையையும் சொன்னாள். எனக்குத் தெரியாமல் இவள் எப்போது இதையெல்லாம் மனதில் வாங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். தாத்தா இறந்ததையும் பாஸ்போர்ட் சங்கதியையும் அம்மா அழுததையும்கூடச் சொன்னாள். காக் ரோஸ் உடனே திரும்பிப்போய் விளக்குச் சரத்தின் பிளக்கைப் பிடுங்கினார்.

ஸ்பீக்கர் சுத்தமானது. அவர் திரும்பி வந்து எங்கள் சோபாவில் உட்கார்ந்துகொண்டார்.

செய்தி முடிந்தது. ஒரு பாட்டு. மின்னல் இரண்டு தடவை வெடித்தது. நித்யா தன் போனைத் துப்பட்டாவுக்கு முன்னால் வைத்துப் பதிவை ஓடவிட்டாள். அறிவிப்பாளர் சொன்னார்: "அடுத்து, தூத்துக்குடியிலிருந்து நேயர் திரு. மாரிமுத்து நம்மோடு பேசுகிறார்."

"அன்பான வணக்கம். தங்கள் ஒலிபரப்பைத் தவறாது செவிமடுத்து வருகிறேன்."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. செவிமடுத்து வருகிறானாம்! ரேடியோவுக்காகத் தமிழை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான். குரல் கொஞ்சம் கனத்திருந்தது. அப்பாவின் குரலைப் போல.

எப்போதிலிருந்து கேட்கிறீர்கள் என்று கேட்டார் அறிவிப்பாளர்.

"பள்ளிப் பருவத்திலிருந்து. நானும் என் தங்கை கோமதியும் சேர்ந்து கேட்போம். நான் கேட்பேன், அவள் எழுதி அனுப்புவாள்."

"இப்போதும் சேர்ந்து கேட்கிறீர்களா?"

சத்தமே இல்லை. நிலையம் போய்விட்டதோ என்று ரேடியோ பக்கம் பாய்ந்தேன். இல்லை. அண்ணன்தான் பேசாமல் இருந்தான். அவன் பெருமூச்சு விட்டது ஸ்பீக்கரில் கேட்டது. அதற்குப் பிறகு வந்தது இஸ்திரி போடாத தமிழ்.

"இல்லம்மா. அவ மலேசியாவுல இருக்கா. பேசி வருசக்கணக்காச்சு. எங்கப்பா தவறினப்ப அவளால வர முடியல. பாஸ்போர்ட்ட புதுப்பிக்கக் குடுத்திருக்கேன்னு சொன்னா. நான் நம்பல. வர மனசில்லாம சாக்கு சொல்லுதான்னு நெனச்சேன். பேச்ச நிப்பாட்டிட்டேன்." மின்னல் ஒன்று சடசடத்தது. "...இந்த வருசம் நானே பாஸ்போர்ட்டுக்குக் குடுத்தேன். பேருல ஒரு எழுத்து மாறியிருக்குன்னு திருப்பிட்டாங்க. அலஞ்சேன், அலஞ்சேன், அப்படி அலஞ்சேன். நம்ம பேரு போட்ட பொஸ்தகந்தான். நம்ம கைக்கு வர மாட்டேங்கு. அப்பதான் அவள நெனச்சேன். எம் புள்ள அன்னைக்கு எப்படித் துடிச்சிருக்கும்..."

எம் புள்ள என்றான். என்னை விட நாலே வயது மூத்தவன்.

குரல் மெல்ல மெல்லத் தாழத் தொடங்கியது. சிற்றலை அப்படித்தான், அலை போல ஏறும், இறங்கும். நான் எழுந்து ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தேன். பஞ்சுக்கும் துணிக்கும் அப்பால் அவன் தூரத்தில் போய்க்கொண்டிருந்தான்.

"...கோமதி, நீ கேட்டுக்கிட்டு இருந்தன்னா... தைப்பூசத்துக்கு... வ...ர..."

போய்விட்டது. மறுபடி அலை ஏறியபோது அறிவிப்பாளர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

6

"என்ன சொன்னான்?" என்றேன். "கடைசியா என்ன சொன்னான்?"

குமரன் டார்ச் வெளிச்சத்தில் தரையைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "சரியா தெரியல லா. 'வராத'ன்னு சொன்ன மாதிரி கேட்டிச்சி."

இனி நீ வராத என்று அன்று போனில் கேட்டதும் இதே குரல். நாற்காலியில் உட்கார்ந்தேன். அவ்வளவு பேசியவன் ஏன் வராதே என்று சொல்ல வேண்டும்? தைப்பூசத்துக்கு அவன் வீட்டில் ஏதாவது விசேஷமா? ஒருவேளை, செலவு செய்து வர வேண்டாம் என்கிறானா?

"இல்ல," என்றாள் நித்யா. "மாமா 'வாரேன்' சொன்னாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காது இருக்கும்மா."

போனில் பதிவை ஓட்டினாள். போனின் சின்ன ஸ்பீக்கரில் வெறும் உஸ்ஸ் மட்டும் கேட்டது. காக் ரோஸும் குனிந்து கேட்டார், தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவர். நித்யா உதட்டைக் கடித்தாள். பிறகு ரேடியோவிலிருந்து ஒயரைப் பிடுங்கித் தன் போனில் செருகினாள். அண்ணன் இப்போது லோரி ஸ்பீக்கரில் மறுபடி பேசினான். கடைசி இடத்துக்கு வந்ததும் சத்தத்தைக் கூட்டினாள். திரும்ப ஓட்டினாள். இன்னும் ஒருமுறை.

இரைச்சலுக்கு அடியிலிருந்து, ஆழக் கிணற்றிலிருந்து வாளி ஏறிவருவது போல, அது ஏறி வந்தது. "தைப்பூசத்துக்கு வாரேன்ட்டி."

வாரேன்ட்டி. அந்த 'ட்டி'தான் குமரனுக்கு 'த' என்று கேட்டிருக்கிறது!

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. குமரன் நித்யாவைத் தூக்கிச் சுற்றப் பார்த்தார், அவள், "பா, நான் ஹெவி!" என்று அலறினாள். காக் ரோஸ் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டார். என்ன சொன்னார் உங்கள் அபாங் என்று கேட்டார். "டியா நாக் டாத்தாங்!" என்றேன். வரப்போகிறார். அந்த மலாயில் ஒரு பிழையும் இல்லை.

நித்யா ஒயரை மறுபடி ரேடியோவில் செருகினாள். நேயர் நேரம் இன்னும் முடியவில்லை, ஏதோ ஒரு பாட்டு போய்க்கொண்டிருந்தது. நான் போனை எடுத்து அண்ணன் நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வழக்கம்போல எடுக்கமாட்டான் என்று கையை இறக்கப் போனேன்.

"ஏட்டி," என்றது.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கேட்டியாட்டி?"

"கேட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். செவிமடுத்தேன்."

அவன் சிரித்தான். மூக்கை உறிஞ்சியதும் கேட்டது. "சவத்த விடு. ரேடியோல பேசணும்னா அப்படித்தான வருது. ஏ கோமதி, எனக்கு எப்படிச் சொல்லணும்னு தெரியல. போன எடுத்தா வார்த்த வர மாட்டேங்கு. அவங்க கூப்பிட்டுக் கேட்டாங்களா, வந்துட்டு. உங்க மதினிக்குக்கூடத் தெரியாது."

அந்த மதினிதான், என் அண்ணிதான், சொன்னாள் என்பதை நான் சொல்லவில்லை. "மெய்யாவே வாரியா?"

"டிக்கெட்டே போட்டாச்சுட்டி! பாஸ்போர்ட் வந்த அன்னைக்கே போட்டுட்டேன். ஒனக்கு எங்கன கேட்டுது? இங்க ஊர்லயே இழுத்துக்கிட்டுல்லா கெடந்துது. கடைசியில நான் சொன்னது எனக்கே கேக்கல."

"எனக்குக் கேட்டுது. லோரி ஸ்பீக்கரு."

"என்னது?"

"லோரில இருந்த ஸ்பீக்கரக் கழத்தி, அலமாரி டிராவுல வச்சு, தலகாணிப் பஞ்ச அடச்சு..." மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே போனேன். நடுநடுவே, "எந்தப் பக்கமாட்டி வச்சிருக்க?", "காயிதக் கூம்பா? அதான் பேச்சுக்கு நிக்கும்!", "ஆம்பு யாருக்குள்ளது?" என்று குறுக்கே குறுக்கே விழுந்தான். ஆம்ப்ளிஃபயர் நித்யாவுடையது என்றேன். "மருமகளா? அவகிட்டக் குடு," என்றான். அவள் வாங்கிக்கொண்டு ஒரு நிமிடம் திணறினாள். பிறகு, "மாமா, நான் நித்யா. உங்க வாய்ஸ் நல்லா இருந்திச்சி. நீங்க வரும்போது இதவிட நல்லா செஞ்சி வைக்கிறேன்," என்றாள். தமிழில்தான், முழுவதும். அவள் காதில் போனை வைத்துக்கொண்டு சிரித்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்.

திரும்ப என் கைக்குப் போன் வந்தபோது உள்ளே ஒரே எதிரொலி. அவன் வீட்டிலும் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, அதே நிலையம், அதே பாட்டு. அங்கிருந்து போன் வழியாக இங்கும், இங்கிருந்து அங்குமாகப் பாட்டு சுற்றிச் சுற்றிச் சத்தம் போட்டது.

"ஏட்டி, ஒன் ரேடியோவக் கொஞ்சம் கொறயேன். ஒண்ணும் வெளங்கல."

"நீ கொற மொதல்ல."

அவன் குறைக்கவில்லை. நானும் குறைக்கவில்லை. அறிவிப்பாளர் விடைபெற்றுக்கொண்டார், நிலையம் நின்றது, இரண்டு பக்கமும் வெறும் இரைச்சல் ஓடியது. அதற்கு மேலாகக் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தோம்.